ஏற்காட்டில் குப்பையை யாரிடம் கொடுப்பது, எதில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகலூர் போகிற வழியில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எங்கள் மண்பாதையில் 14 வீடுகளும் 3 காட்டேஜ்களும் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியைக் குப்பைக்கு அமர்த்தியிருக்கிறோம். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால், புதிதாக யார் இடம் வாங்கி வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்துவிட்டேன். சில கேள்விகள் சண்டையாகவே வந்தவை. அவற்றையும் மாற்றவில்லை.

அக்கா, ஊராட்சி வண்டிதான் வருதே, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஆள்?

வருகிறது. தார் ரோட்டை ஒட்டி இருப்பவர்களிடம் தூய்மைக் காவலர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் மாதிரி எஸ்டேட்டுக்குள் பிரியும் பாதையில் அந்த வண்டி ஏறாது. ஐப்பசி மழையில் மனிதர்கள் ஏறுவதே பெரும்பாடு. ரோட்டு முனை வரை நீங்களே கொண்டுபோய், வண்டி வரும் நேரத்துக்குக் கையில் கொடுக்க முடியுமென்றால் தனி ஆள் வேண்டாம். காசை மிச்சம் பிடியுங்கள்.

முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ராத்திரியே முனையில் மூட்டையை வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். விடிவதற்குள் நாயும் குரங்கும் அதைப் பிரித்துப் பாதை முழுக்கப் பரப்பிவிடும். தனியார் வண்டி பற்றிய பேச்சு எங்களிடம் தொடங்கியதே அப்படி ஒரு மூட்டையால் வந்த சண்டையில்தான்.

தனியார்கிட்ட குப்பை கொடுக்கிறது சட்டப்படி சரிதானா?

சரிதான், ஒரு நிபந்தனையோடு. உங்களிடம் வாங்குகிறவர் உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் பெற்றவராக இருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2026 விதிகள் வந்து, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: குப்பையை உண்டாக்குகிறவர் பிரித்து வைக்க வேண்டும், ஒப்புதல் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும்.

கட்டணம் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தந்த உள்ளாட்சியின் துணைவிதியைப் பொறுத்தது. சேலம் மாநகராட்சியில் உங்கள் மச்சான் கட்டுகிற தொகையை இங்கே வந்து சொல்லிப் பயனில்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

அவருக்கு அனுமதி இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டா கோவிச்சுக்குவாரே.

கோபித்துக்கொண்டால் அதுவே பதில். ஊராட்சி கொடுத்த கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, "இதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஈரக் குப்பை இந்த இடம், காய்ந்தது இந்தக் குடோன், எஞ்சியது இந்த இடம் என்று மூன்று பதில் வர வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் போய் வரட்டும் என்று அனுப்பிவிடுங்கள்.

எங்கள் முதல் ஆள் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். நாலு மாதம் ஒழுங்காக வந்தார். வாடகையும் குறைவு. ஒருநாள் காலையில் ஊராட்சியிலிருந்து ஒருவர் கையில் கூரியர் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டியில் என் பெயரும் முகவரியும். மலைப்பாதையில் ஒரு வளைவுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்த நாற்பது, ஐம்பது மூட்டைகளில் ஒன்றிலிருந்து எடுத்ததாம். நான் காசு கொடுத்தேன், ரசீது இருக்கிறது என்றேன். "பெட்டி உங்களோடதுதானே மேடம்?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? அன்று முதல் மாதத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், எங்களில் ஒருவர் வண்டியின் பின்னாலேயே பைக்கில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். வண்டியை மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும். மூடாமல் ஓட்டக் கூடாது என்பது விதி. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் மூடாத வண்டி அடிவாரம் சேரும்போது பாதி காலியாகியிருக்கும்.

பச்சை, நீலம்னு ரெண்டு டப்பா போதும்னுதானே சொன்னாங்க?

பழைய பழக்கம் அது. இப்போது நான்கு வகை. சமையலறைக் கழிவு, பழத்தோல், பூ, எலும்பு எல்லாம் ஈரக் குப்பை. தாள், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் காய்ந்த குப்பை. நாப்கின், டயப்பர் போன்றவை மூன்றாவது. பல்பு, பெயிண்ட் டப்பா, மருந்து மாத்திரை, பாதரசத் தெர்மாமீட்டர் ஆகியவை தனிக் கவனம் வேண்டிய நான்காவது வகை.

நான்கு பெரிய டிரம் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முதல் இரண்டுக்குத்தான் பெரியது. மூன்றாவதுக்கு மூடி போட்ட சின்ன வாளி. நான்காவதுக்குப் பிஸ்கட் டின் ஒன்று போதும், வருஷத்துக்கே நிறையாது.

கலர் மாறினா அபராதமா?

வீட்டுக்குள் எந்த நிறத்தில் வைத்தாலும் உள்ளே இருப்பது கலக்காமல் இருந்தால் சரி. 2016 விதிகளில் பொதுத் தொட்டிகளுக்குப் பச்சை, வெள்ளை, கறுப்பு என்று இருந்தது. புழக்கத்தில் பச்சையும் நீலமும் நின்றுவிட்டது. எங்கள் டிரம்மில் பெயிண்டால் எழுதிவிட்டோம். நிறத்தை விருந்தினர் மறந்துவிடுவார்கள், "சாப்பாடு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால் மறக்க மாட்டார்கள்.

மூடி போட்ட டப்பாதான் வாங்கி வச்சேன், ஆனாலும் தினம் திறந்து கிடக்கு. எதுதான் திறக்குது?

பெரும்பாலும் குரங்கு. நாய் டப்பாவைத் தள்ளிவிடும். குரங்கு உட்கார்ந்து பொறுமையாகத் திறக்கும். கடைகளில் கிடைக்கிற, அழுத்தி மூடும் மூடியும் ஊசலாடும் மூடியும் அதற்கு விளையாட்டுச் சாமான். மிதித்தால் திறக்கும் டப்பாவைக்கூட ஒரு குரங்கு மிதித்துத் திறந்ததை நானே பார்த்தேன். கைதட்டலாம் போல இருந்தது.

இங்கே வேலைக்கு ஆவது, மூடியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு நெம்புகோலால் பூட்டுகிற டிரம். அடிவாரத்திலும் சேலத்திலும் பழைய டிரம் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரசாயனம் வந்த டிரம் வேண்டாம். வளையத்தின் நெம்புகோலில் ஓட்டை இருக்கும், அதில் ஒரு கொக்கி மாட்டிவிட்டால் முடிந்தது. பூட்டு வேண்டாம். பூட்டினால் சாவி தொலையும், குப்பை டிரம்முக்கு வெளியே சேரும்.

டிரம்மை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு ஹாலோ பிளாக் மேல் வைத்து, சுவரிலோ மரத்திலோ சங்கிலியால் கட்டுங்கள். சரிவில் உருண்ட டிரம்மைத் திரும்ப மேலே ஏற்ற இரண்டு ஆள் கூலி ஆகும். முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடி உட்காராது. மழைத் தண்ணீர் உள்ளே போகாதபடி மேலே ஒரு தகரம் இருக்கட்டும். திறந்து கிடக்கும் வாளி, டப்பா, பாட்டிலில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். மலை என்பதால் கொசு வராது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காட்டுமாடு குப்பைக்கெல்லாம் வருமா? அது புல் தின்கிற மாடுதானே?

புல் தின்கிற மாடுதான், ஆனால் பலாச்சுளை வாசம் அதற்கும் தெரியும். வாழை இலை, காய்கறித் தோல், உப்பு ஒட்டிய சிப்ஸ் கவர் எல்லாவற்றுக்கும் வரும். பெரிய கடா ஒரு டன் எடையை நெருங்கும். டிரம்மைத் திறக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை, சாய்ந்தாலே போதும். கவரோடு தின்றுவிட்டால் பிளாஸ்டிக் இரைப்பையில் தங்கிவிடும், வெளியே வராது. அசைபோடும் எந்த மாட்டுக்கும் இதே கதிதான்.

காட்டுமாட்டுக்கு எதிராக எந்த டிரம்மும் தாங்காது. அதற்கு ஒரே வழி வாசம் வராமல் பார்த்துக்கொள்வது. ஈரக் குப்பையை இரவு வெளியே வைக்காதீர்கள். சமையலறைக்குள் மூடி வைத்து, விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு எடுத்துப் போடுங்கள். அப்படியே வந்து நின்றாலும் டார்ச் அடித்து விரட்டப் போகாதீர்கள், படம் எடுக்கவும் போகாதீர்கள். அது போகிற வரை உள்ளேயே இருங்கள். ஒரு டிரம் உடைந்தால் உடையட்டும்.

பெரிய கறுப்பு கவர்ல போட்டு நல்லா இறுக்கிக் கட்டிட்டா போதாதா?

போதாது. கவர் என்பது டிரம்முக்கு உள்ளே போடுகிற பொருள். வெளியே தனியாக வைத்தால் மேலே சொன்ன மூன்று விருந்தாளிகளுக்கும் அது பார்சல்.

கேம்ப் ஃபயர் சாம்பலை டிரம்மில் போடலாமா?

அன்றைக்குப் போடவே கூடாது. மேலே வெள்ளையாக ஆறிய சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை இருக்கும். எங்கள் பாதையில் ஒரு பிளாஸ்டிக் டிரம் அப்படித்தான் உருகிப் போனது. பக்கத்தில் சில்வர் ஓக் சருகு குவிந்து கிடந்தது, நல்ல வேளை பனி ஈரம். தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஒரு இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்து, கையால் தொட்டுக் குளிர்ந்திருந்தால் காபிச் செடிக்குப் போடுங்கள். வெறும் விறகுச் சாம்பல் என்றால் மட்டும்.

நாப்கின், டயப்பரை எப்படிக் கொடுக்கிறது? வண்டிக்காரர் கையில கொடுக்கவே சங்கடமா இருக்கு.

செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, தனி வாளியில் சேர்த்து, தனியாகவே கொடுங்கள். சங்கடம் நமக்கு ஒரு நிமிடம். கலந்து போட்டால் குடோனில் பிரிக்கிற பெண்கள் அதைக் கையால் எடுக்க வேண்டும். எங்கள் வண்டிக்காரர் தம்பி இது பற்றி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. சுற்றாமல் போடுவதுதான் அவருக்குக் கோபம்.

பல்பு, பேட்டரி, இன்சுலின் ஊசி, பழைய மாத்திரை?

டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் அட்டையில் வையுங்கள். செல்போன், பவர் பேங்க் பேட்டரிகளைக் காய்ந்த குப்பையில் போட்டால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மேலே "ஊசி" என்று எழுதுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் இதே மாதிரி அட்டைப்பெட்டியும் எழுத்தும் வேண்டும். மூட்டையைத் தூக்கித் தொடையில் இடித்து ஏற்றுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. இவை நான்காவது வகை டின்னில் சேரட்டும். எங்கள் ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொள்கிறார்.

சருகையும் காகிதத்தையும் எங்க தாத்தா காலத்துல இருந்து கொளுத்திட்டுதான் இருக்கோம். இப்ப என்ன புதுசா?

தாத்தா காலத்துக் குப்பையில் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் கிடையாது. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. பிளாஸ்டிக் புகையில் டையாக்சின் என்கிற நச்சு உண்டு, மலைப்பள்ளத்தில் பனி இறங்கும் மாலையில் அந்தப் புகை எங்கும் போகாமல் வீட்டு உயரத்திலேயே நிற்கும். போதாததற்கு மார்ச், ஏப்ரலில் ஒரு பொறி போதும். சருகை எரிக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஈரக் குப்பையைத் தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சா தப்பா?

ரோட்டோரத்திலும் பொது இடத்திலும் புதைப்பதற்குத் தடை. சொந்தத் தோட்டத்தில் உரமாக்கலாம், அதைத்தான் விதிகளும் விரும்புகின்றன. ஆனால் வெறும் குழி வெட்டி மூடினால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். காற்று இல்லாமல் அழுகி நாறவும் செய்யும்.

ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு பங்கு சருகு என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். அதற்குத்தான் அந்தச் சருகு. சில்வர் ஓக் இலை சீக்கிரம் மக்காது, கையால் நொறுக்கியோ கால்நடைச் சாணம் கரைத்துத் தெளித்தோ போடலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், வடியக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். சேலத்துச் சூட்டில் என் தங்கைக்கு இரண்டு மாதத்தில் உரம் ஆகிவிடுகிறது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் எனக்கு நாலு மாதம் பிடிக்கிறது. தொட்டியைச் சுற்றிக் கம்பி வலை, மேலே கல் வைத்த தகரம். எலும்பும் மீன் கழிவும் அதில் வேண்டாம்.

ஈரக் குப்பை வெளியே போவது நின்றால் தனியார் வண்டி வாரத்தில் இரண்டு நடைக்குப் பதில் ஒரு நடை வந்தால் போதும். எங்கள் செலவு குறைந்தது இப்படித்தான்.

பீர் பாட்டில் மலை மாதிரி சேருது, யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்களே?

டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிற திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் வந்தது. ஸ்டிக்கர் கிழியாமல் வைத்தால் பணம் உங்களுக்கு அல்லது அறை துடைக்கும் அம்மாவுக்கு. மற்றவை காயலான் கடைக்கு.

மகன் நிச்சயதார்த்தத்தை காட்டேஜ் புல்வெளியில வைக்கலாம்னு இருக்கேன். 150 பேர். யார்கிட்டயாவது சொல்லணுமா?

சொல்ல வேண்டும். 2016 விதிகளிலேயே, உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அன்றைய குப்பையைப் பிரித்து ஒப்படைப்பதும் நடத்துகிறவர் பொறுப்பு. பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், உறிஞ்சுகுழல், சாப்பாட்டு மேசை விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேட்டரிங்காரரிடம் இதை முன்பே பேசிவிடுங்கள், பந்தி அன்று பேசி ஒன்றும் ஆகாது. வாழை இலையில் போடுங்கள். இலையை அன்றிரவே அப்புறப்படுத்துங்கள், காட்டுமாடு பற்றி மேலே எழுதியதை மறக்காமல்.

நாங்க சேலத்துல இருக்கோம், சனி ஞாயிறு மட்டும்தான் வர்றது. குப்பையைக் கார்லயே கீழே எடுத்துட்டுப் போறது நல்லதா?

காய்ந்த குப்பையை உங்கள் வீட்டுக்கே கொண்டுபோய், உங்கள் வார்டில் எடுக்கிறவரிடம் பிரித்துக் கொடுத்தால் நல்லது. ஆனால் நான் பார்ப்பது வேறு. டிக்கியில் ஏற்றுகிறார்கள், கொஞ்ச தூரத்தில் நாற்றம் தாங்காமல் அடுத்த வளைவில் கண்ணாடி இறங்குகிறது. அல்லது அடிவாரத்தில் யாரோ ஒருவர் கடை வாசல் தொட்டியில் திணித்துவிட்டுப் போகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் இன்னொரு ரோடான குப்பனூர் வழியில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் அங்கே இன்னும் தைரியம். ஈரக் குப்பையை ஏற்றாதீர்கள், மேலேயே உரத்தொட்டியில் போடுங்கள். அப்போது டிக்கியும் நாறாது.

மலையிலேயே ஒதுக்குப்புறமா ஒரு கிடங்கு வச்சுட்டா இவ்வளவு அலைச்சல் வேண்டாமே?

இந்தக் கேள்வியை ஒரு கவுன்சிலர் வேட்பாளரே கேட்டார். மலையில் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், மீதியைச் சேர்த்துக் கீழே சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் இடம் பார்க்க வேண்டும் என்று 2016 விதிகளில் மலைப்பகுதிக்கென்றே எழுதியிருந்தார்கள். காரணம் எளிது. இங்கே எங்கே கொட்டினாலும் மழை அதை ஓடைக்கு இறக்கும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியில் விழுகிறது. கிடங்கின் கசிவு அதே வழியில் போய் யார் குடத்தில் விழும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஊராட்சிக்கும் கட்டணம், வண்டிக்காரருக்கும் கட்டணமா? ரெண்டு தடவை ஏன் கட்டணும்?

எரிச்சலான கேள்வி, நியாயமும் இருக்கிறது. தனியாருக்குக் கொடுப்பதால் உள்ளாட்சிக் கட்டணம் தானாக ரத்தாகாது. ஆள் வராத பாதை என்று எழுதிக் கொடுத்துக் குறைக்கக் கேட்கலாம். நாங்கள் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை கட்டுகிறோம்.

என் காட்டேஜ்ல 100 கிலோவெல்லாம் வராது. பெரிய ஹோட்டலுக்கான சட்டம் எனக்கு எதுக்கு?

நாளுக்கு 100 கிலோ குப்பை, அல்லது 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, அல்லது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, இதில் ஒன்றைத் தொட்டால் "பெருமளவில் குப்பை உண்டாக்குபவர்" என்பது 2026 விதிகளின் கணக்கு. நம்மில் யாரும் அந்தப் பட்டியலில் வர மாட்டோம். ஆனால் பிரித்து வைப்பது ஒற்றை அறை வீட்டுக்கும் உண்டு. மலைப்பகுதியில் ஓட்டல்களும் உணவகங்களும் ஈரக் குப்பையைத் தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்பது தனியாக வருகிறது, அதற்கு இந்த அளவுகோலைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

நான் எவ்வளவு சொன்னாலும் கெஸ்ட் பிரிச்சுப் போட மாட்டேங்கிறாங்க. அவங்க போட்டதுக்கு நான் பொறுப்பா?

பொறுப்புதான். என் கூரியர் பெட்டி கதையை மேலே படித்திருப்பீர்கள். வருகிறவர்களுக்கு விதியைத் தெரியப்படுத்துவதில் தங்கும் விடுதிக்கும் பங்கு உண்டு. பயணிகளிடமே குப்பைக் கட்டணம் வாங்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது.

அறையில் நீளமான அறிவிப்பு ஒட்டி நான் தோற்றுப்போனேன். இப்போது அறைக்குள் ஒரே ஒரு சின்னக் கூடை, காய்ந்த குப்பைக்கு மட்டும். சாப்பாடு, பழத்தோல் எதுவானாலும் தட்டிலேயே விட்டுவிடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சாவி கொடுக்கும்போது வாயால் சொல்கிறேன். "ராத்திரி பால்கனியில் தின்பண்டம் வைத்தால் காட்டுமாடு வரும்" என்றும் சேர்த்துச் சொல்வேன். பாதிப் பேர் அதற்காகவே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதனால் போன மாதத்திலிருந்து காட்டுமாட்டை விட்டுவிட்டு "எலி வரும்" என்று மாற்றியிருக்கிறேன். பால்கனி சுத்தமாக இருக்கிறது.